நூலுக்கு மேலே

காற்றுக்கு வேலை வெட்டி கிடையாது என்றா நினைக்கிறீர்கள்? மரக்காணத்துக் காற்றுக்கு உண்டு. அன்று காலை அது இலக்கியாவின் கையிலிருந்த மஞ்சள் சீட்டுக் கட்டில் ஒன்றே ஒன்றை உருவி, இரண்டு வரப்பு தாண்டித் தூக்கிக்கொண்டு போய், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவனின் ஈர முதுகில் ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் அடங்கிவிட்டது.

“ஏங்க... ஒரு நிமிஷம். உங்க முதுகுல என்னோட சீட்டு ஒண்ணு இருக்குது,” என்றாள்.

அவன் திரும்பவில்லை. “உப்புல விழுந்திருந்தா யாருங்க பொறுக்கறது? வெள்ள உப்புல மஞ்சக் காயிதம் கெடந்தா வியாபாரி வாங்குவானா?”

“அது சும்மா காயிதம் இல்லீங்க. என் வேலை.”

“பறந்து போற வேலையா?”

வாய்க்கொழுப்பைப் பார்... அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று அவள் வாயெடுத்தபோது, அவன் முதுகிலிருந்து சீட்டைப் பிய்த்துக்கொண்டு திரும்பினான்.

அந்தக் கண்கள்... வெயிலுக்கு இடுங்கி, சிரிக்கலாமா வேண்டாமா என்று எப்போதும் யோசிக்கிற கண்கள். இடது புருவத்தில் ஒரு தழும்பு. அது பஸ் கம்பியில் இடித்துக்கொண்டது என்பதும், வழிந்த ரத்தத்தைத் துடைத்தது யாருடைய துப்பட்டா என்பதும் இலக்கியாவுக்குத் தெரியும்.

“தமிழ்...” பாதிப் பெயரோடு நின்றுவிட்டாள்.

தமிழ்வேந்தன் சீட்டை நீட்டினான். “நல்லா இருக்கீங்களா?”

‘ஏய் இலக்கியா’ என்று கூப்பிட்டவன், ஏழு வருடம் கழித்து ‘இருக்கீங்களா’ என்கிறான். உப்பளத்து வெயிலைவிட அது அதிகமாகச் சுட்டது.

மூன்று வருடம்... திண்டிவனம் கல்லூரிக்குப் போகிற காலை பஸ். மரக்காணத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். வழியில் பிரம்மதேசத்தில் ஏறுகிறவர்களுக்கு நிற்கத்தான் இடம். ஆனால் பிரம்மதேசத்து இலக்கியா மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை. ஜன்னலோர சீட்டில் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் ஒன்று விரித்துக் கிடக்கும். அவள் ஏறியதும் அவன் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். யாருக்குப் போட்டது என்று அவள் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்... வராமல் போய்விடுமோ என்றும் பயம்.

கடைசிப் பரீட்சை முடிந்து திரும்பும்போது, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான். சுற்றிலும் தோழிகள். முன் சீட்டில் அப்பாவுக்குத் தெரிந்தவர் வேறு. அதற்குள் பிரம்மதேசம் வந்துவிட்டது. “அப்புறம் சொல்லேன்,” என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள்.

அந்த அப்புறம் வரவேயில்லை. மறுநாள் கல்லூரி இல்லை, பஸ்ஸும் இல்லை. சொல்ல வேண்டியவன் தேடி வரட்டுமே என்று இவள் வீம்பாக இருந்தாள். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இனி நம்மை எங்கே நினைக்கப்போகிறான் என்று தேற்றிக்கொண்டாள்.

சென்னைக்குப் போனவன் இங்கே எப்படி? அவள் கேட்பதற்குள் அவன் குனிந்து மறுபடி உப்பு வார ஆரம்பித்துவிட்டான்.

அன்று காலை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதே ‘அப்புறம்’தான். அப்பா தெய்வசிகாமணி வாசலில் வழி மறித்தார். “வானூர்லேருந்து ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றோங்கறாங்க. வரச் சொல்லட்டுமா, வேணாமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடும்மா.” அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்புறம் சொல்றேம்பா,” என்றாள். அவளிடம் எதற்கும் தயாராக இருக்கிற பதில் அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே, எதை முதலில் செய்வது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது. பாண்டிச்சேரியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. உப்பளச் சங்கத்துக்கு போன் ஆப் ஒன்று செய்ய வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள். முறை எளிது. உப்பளத்து ஆள் ஒருவருடைய நாளை, முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை, இடமிருந்து வலமாகச் சுவரில் சீட்டுகளாக ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே, அதற்கு போன் என்ன உதவி செய்யலாம் என்று சீட்டுகள். யாருக்கு, என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்ற மூன்றும் ஒவ்வொன்றிலும் இருந்தாக வேண்டும். கடைசியில் குறுக்கே ஒரு சிவப்பு நூல் கட்டுவாள். நூலுக்கு மேலே இருப்பதை இப்போது செய்வார்கள். கீழே இருப்பது அப்புறம்.

சங்கக் கொட்டகையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். உப்புப் பூத்த சுவரில் சீட்டு எதுவும் நிற்கவில்லை. ஒட்ட ஒட்ட உதிர்ந்தது. உப்பு வாருகிற மலர்கொடியக்கா தன் தூக்குவாளியைத் திறந்து ஒரு பிடி சோறு எடுத்தாள். “பருக்கைய வச்சி நசுக்கி ஒட்டும்மா. எங்க ஊட்டு காலண்டரே அப்படித்தான் நிக்குது.” அது நன்றாகத்தான் பிடித்தது.

செயலாளர் பக்தவச்சலம் ஏற்கெனவே ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். தலைவர் படம், உறுப்பினர் பதிவு, விலை, லாரி, ரசீது. இலக்கியா அதையே மேல் வரிசையாக ஒட்டினாள். “ஏன்னு எழுதாத சீட்ட மட்டும் நான் எடுத்துக்க மாட்டேன்,” என்று சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.

தண்ணீர் குடிக்க வந்த தமிழ்வேந்தன் வாசலில் நின்று சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்தான்.

“இதுல தண்ணி எங்கங்க?”

“என்ன தண்ணி?”

“பாத்திக்குத் தண்ணி பாய்ச்சாம உப்பு எப்பிடி வெளையும்? நீங்க தலைவர் படத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கீங்க. அது செயலாளரோட நாளு. மலர்கொடியக்கா நாளு இதுல எங்கயுமே இல்ல. போன தடவ ஒரு கம்பெனி இப்பிடித்தான் ஒண்ணு செஞ்சி குடுத்தாங்க. ஆறு மாசத்துல செத்துப்போச்சு.”

எல்லோர் முன்னாலும்... இலக்கியாவுக்கு முகம் சிவந்தது. உங்களை யார் கூப்பிட்டது என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் தொழில் தெரிந்தவளுக்கு அவன் சொல்வது சரி என்றும் தெரிந்தது. மேல் வரிசை முழுவதையும் சுரண்டி எடுத்தாள். முதல் சீட்டில் ‘தண்ணீர் பாய்ச்சுவது’ என்று எழுதினாள்.

அதன்பிறகு வாய்கள் திறந்துகொண்டன. பாய்ச்சுவது, காயவிடுவது, வாருவது, குவிப்பது, மூடுவது... சுவர் மஞ்சளாகப் பூத்தது. எது முதலில் வேண்டும் என்று கேட்டபோது எல்லோரும் எல்லாமே வேண்டும் என்றார்கள். “ஒண்ணே ஒண்ணுதான் செய்ய முடியும்னா?” என்றாள். மலர்கொடியக்கா யோசிக்கவே இல்லை. “மழ வர்றத முன்னாடியே சொல்லு தாயி. போன ஆவணில மூடறதுக்குள்ள கரைஞ்சி போச்சே... அத்தன பேரு ஒழைப்பு.” அந்தச் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது. தலைவர் படம் நூலுக்குக் கீழே போனது. பக்தவச்சலம் பெருமூச்சு விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை காலியாயிற்று. தமிழ்வேந்தன் மட்டும் நூலுக்குக் கீழே அவள் எழுதியிருந்த ‘அப்புறம்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்க அப்புறம் எத்தன வருசங்க?”

“தேடி வராதவங்க அதக் கேக்கக் கூடாது,” என்றாள் வெடுக்கென்று.

“உப்புக் கையோட உங்க ஆபீஸ் கேட்டுல வந்து நிக்கச் சொல்றீங்களா? சென்னைக்குப் போன மூணாம் மாசம் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சிடுச்சு. திரும்பி வந்துட்டேன். அதுக்குள்ள நீங்க பாண்டில பெரிய வேலையில சேந்துட்டதா சொன்னாங்க.”

ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஓடி வந்திருப்பேனே... ஆனால் பாழாய்ப்போன வாய் வேறு சொன்னது. “எனக்கு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க.”

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. “நல்லதுங்க,” என்றான்.

ஏன்டி சொன்னே, ஏன்டி சொன்னே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. முகம் கழுவக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. ஆவணி மாதத்து மழை சொல்லிவிட்டா வரும்? முதல் சொட்டு விழுவதற்குள் எல்லோரும் வரப்புகளில் ஓடினார்கள். குவித்த உப்பு வெள்ளை வெள்ளையாகத் திறந்து கிடந்தது. இலக்கியாவும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

“இலக்கியா, அந்த முனையப் புடி. விடாத.”

தார்ப்பாயின் மறுமுனையில் அவன். காற்று நடுவில் புகுந்து பாயைத் தூக்கியது. அவள் முழங்காலால் அழுத்தி, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். மழை கண்ணை மறைத்தது. உதட்டில் கரித்தது மழையா, உப்பா, கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. இலக்கியா என்று கூப்பிட்டுவிட்டானே... அது ஒன்றுதான் காதில் நின்றது.

எட்டுக் குவியலை மூடினார்கள். ஒன்று கரைந்தது.

மழை விட்டதும் சொட்டச் சொட்டக் கொட்டகைக்கு வந்தாள். பாதிச் சீட்டு ஈரத்தில் மை கலங்கியிருந்தாலும் ஒன்றுகூட விழவில்லை. அப்போதுதான் அதைப் பார்த்தாள். நூலுக்குக் கீழே ஒரு புதுச் சீட்டு. சாய்ந்த எழுத்து... அவள் மூன்று வருடம் நோட்டு வாங்கிப் பார்த்து எழுதிய எழுத்து.

‘யாருக்கு: உப்பளத்துக்காரன் ஒருவனுக்கு. என்ன வேண்டும்: பஸ்ஸில் பக்கத்து சீட்டு. ஏன்:’

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“நீ மூஞ்சி கழுவப் போனப்போ அந்தத் தம்பி வந்து எழுதிச்சி,” என்றாள் தலை துவட்டிக்கொண்டிருந்த மலர்கொடியக்கா. “என்கிட்டதான் பருக்க கேட்டுச்சி.” சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே போய்விட்டாள்.

தமிழ்வேந்தன் வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றான். உள்ளே வரவில்லை.

இலக்கியா சீட்டைப் பிரித்து மேலே ஒட்டப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பருக்கை காய்ந்து சுவரோடு சுவராகப் பிடித்திருந்தது. இன்னும் இழுத்தால் கிழிந்துவிடும். ஒரு கணம் யோசித்தாள். பிறகு இந்த ஆணியிலிருந்து நூலை அவிழ்த்தாள். அந்த ஆணியிலிருந்தும் அவிழ்த்தாள். இரண்டு சாண் கீழே இறக்கி, அவன் சீட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டினாள்.

“ஏன்னு எழுதாத சீட்ட எடுத்துக்க மாட்டேன்னு சொன்னேன்ல?” திரும்பாமலே கேட்டாள்.

“எழுத வரல...” அவன் மெல்ல உள்ளே வந்தான். “உன்ன எனக்குப் பிடிக்கும், இலக்கியா. அன்னிக்கி பஸ்ல சொல்ல வந்தது அதான். அந்த கர்ச்சீப்ப நான் வேற யாருக்கும் போட்டதில்ல. நல்ல எடத்துல உன்னக் கேட்டு வர்றாங்க, இப்பப் போயி சொல்றது தப்போ என்னவோ. இன்னொரு ஏழு வருசம் சொல்லாம இருக்க என்னால முடியாது.”

“என்னாலயும்தான்...” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “அன்னிக்கே எறங்காம இருந்திருக்கணும். நீ வருவ வருவன்னு... எனக்கும் உன்ன அவ்ளோ பிடிக்கும்பா.”

சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் ஏற ஒரே கூட்டம். நிற்பதற்குள் தமிழ்வேந்தன் ஓடிப் போய், தலையில் கட்டியிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக உள்ளே போட்டான். நீலக் கட்டம் இல்லை. உப்புக் கறை படிந்த பழைய துண்டு. இலக்கியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று, “பாத்துப் போ,” என்றான்.

பையில் போன் அடித்தது. அப்பா.

“வந்துட்டே இருக்கேம்பா. நேர்ல சொல்லிடறேன்... இன்னிக்கே,” என்று வைத்தாள்.

பிறகு மடியிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் நன்றாக விரித்துப் போட்டாள். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஒருவன் தாவி ஏறினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“எங்கம்மா போவணும்?” என்றார் கண்டக்டர்.

“ரெண்டு பிரம்மதேசம்,” என்றாள் இலக்கியா.