எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்

எங்கள் தொழிலில் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "எல்லாத்துக்கும் ஒரே ரிமோட் போதும்ல?" போதும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் இந்தத் தொடுதிரை ரிமோட்டை விற்கிறோம். ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், விளக்கு, ஏசி எல்லாம் அந்தக் கையகலக் கண்ணாடிக்குள் அடங்கிவிடும். அடக்குவது என் வேலை. ஒயர் இழுப்பது என் மச்சினன் வேலை. ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான். ஆனால் எந்தச் சந்துக்குள்ளும் புகுந்துவிடுவான். எப்படி என்று கூடப் பிறந்த என் மனைவிக்கே தெரியாது.

அந்த வீட்டுக்கு ஒரு மத்தியானம் போனோம். கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கையில் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் பழைய ரிமோட்டுகள் குவியலாகக் கிடந்தன.

"எது எதுக்குன்னு அவருக்குத்தான் தெரியும். அவர் போய் ஒரு வருஷமாச்சு. அவர் படம் பாக்கன்னே கட்டின அந்த ரூம்ல ஒரு லைட்டு போடக்கூட எனக்கு வரல தம்பி."

சமையலறையை ஒட்டினாற்போல இருந்தது அந்த அறை. ஜன்னலே இல்லை. சுவர் முழுக்கத் துணி சுற்றிய பஞ்சுப் பலகைகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள். கனமான கதவு எங்களுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டதும் காது அடைத்தது. மச்சினன் ஒருமுறை கைதட்டிப் பார்த்தான். சத்தம் அவன் கையைத் தாண்டி வரவில்லை.

"தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய கேக்காது மாமா. பிரமாதமான வேலை."

லேசாக வியர்வை நாற்றம் அடித்தது. ஏசி போட்ட அறையில் எப்படி என்று யோசித்தேன். பிறகு மச்சினனைப் பார்த்தேன், காரணம் கிடைத்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அக்கா கேட்டது ஒரே ஒரு கூடுதல் வேலை. "படம் முடிஞ்சு வெளிய வந்தா இருட்டுல கால் இடறுது. இந்த ரூம் லைட்டப் போட்டா கிச்சன் லைட்டும் சேர்ந்து எரியற மாதிரி பண்ண முடியுமா?" இதென்ன பெரிய விஷயம் என்று நான் திரைக்குக் கீழே ஒரு சின்ன சென்சார் கண்ணைப் பொருத்தினேன். இனி அந்த அறையில் யார் விளக்கு பட்டனை அழுத்தினாலும் அந்தக் கண் பார்த்து, சமையலறைக்கும் சொல்லிவிடும். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு பாடம் எடுக்க உட்கார்ந்தேன். பழைய ரிமோட்டைப் புதியதற்கு நேராக வைத்து ஒரு பட்டனை அழுத்தினால், புதியது அந்த சிக்னலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத்தான் நாங்கள் பாடம் என்போம். அப்படித் திறந்து வைத்த ரிமோட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. எங்கிருந்து எது வந்தாலும் கற்றுக்கொண்டுவிடும்.

கடைசியாக மிச்சமிருந்தது விளக்கு ரிமோட். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். ஒரே ஒரு பட்டன் மட்டும் உள்ளே அமுங்கிப்போயிருந்தது. துடைக்கலாம் என்று துணியை எடுத்த நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "மாமா, இந்த ஒயரக் கொஞ்சம் பிடிங்க."

புதிய ரிமோட்டை நாற்காலிமேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது கண்ணாடியில் பச்சை எழுத்து ஒளிர்ந்தது. விளக்கு, கிடைத்தது.

அதற்குக் கீழே இன்னொன்று. கிடைத்தது. அதற்கும் கீழே இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக வந்துகொண்டிருந்தது. முதலில் படபடவென்று. அப்புறம் இடைவெளி விட்டு, இழுத்து இழுத்து. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேலே அறை விளக்கும் எரிந்து அணைந்தது.

"மாப்ளே, ரிமோட்ட வெச்சு விளையாடாத."

"ரெண்டு கையும் ஒயர்ல மாட்டியிருக்கு மாமா. நான் எங்க விளையாடறது?"

செருப்புப் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு ரிமோட் பேட்டரி இல்லாமல் மல்லாந்து கிடந்தது.

கிடைத்தது.

ரிமோட்டை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே ஓடினேன். மச்சினனும் பின்னாலேயே வந்தான். சமையலறையில் அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பட்டப்பகலில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"நீங்கதான் போட்டுப் போட்டு அணைக்கிறீங்களா தம்பி?"

"ஆமாக்கா. டெஸ்டிங்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, தானாகவே சொன்னாள். "அவர் போன அன்னிக்கும் இங்கதான் நின்னு சமைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் உள்ள படம் பாத்துக்கிட்டு இருந்தார். தூக்கத்துலயே போயிட்டார், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையாலதான் நான் சாப்பிடறேன், தூங்கறேன். கையில அந்த லைட்டு ரிமோட்டப் பிடிச்சிருந்தார். விரலப் பிரிக்கவே முடியல."

அமுங்கிப்போயிருந்த அந்த ஒரே பட்டன் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் தூங்கவில்லை. கத்தியிருக்கிறார், கேட்கவில்லை. எழ முடியாமல், கையில் இருந்த ஒரே பட்டனை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டிருக்கிறார். அந்த வெளிச்சம் அந்த அறையைத் தாண்டாது. இன்று அதைத் தாண்ட வைத்தவன் நான்தான். இந்த அக்காவுக்கு இது தெரியவே கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரிமோட்டில் சமையலறை விளக்கின் இணைப்பை அழித்தேன்.

விளக்கு எரிந்தது. அணைந்தது.

மச்சினனுக்குக் கண் ஜாடை காட்டினேன். அவன் உள்ளே போய், திரைக்குக் கீழே இருந்த கண்ணையே பிடுங்கி எடுத்து வந்தான். ஒயர் அவன் கையில் தொங்கியது.

எரிந்தது. அணைந்தது.

அக்கா அந்த ஒயரைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"டெஸ்டிங்னு சொன்னீங்களே தம்பி."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கூப்பிட்டிருக்கார். நான் இங்கயே நின்னு வெங்காயம் வதக்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அக்கா, உள்ள போகாதீங்க."

"ஒரு தடவை போகாம இருந்துட்டேன்."

அவள் உள்ளே போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

விளக்கு அந்த நொடியே அடங்கிவிட்டது.

கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அங்கே ஒன்றும் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. மச்சினன் என் சட்டையைப் பிடித்தான். "போயிடலாம் மாமா," என்று கிசுகிசுத்தான். போயிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை உள்ளே போக வைத்தது என் கைவேலை. கதவைத் தள்ளினேன்.

உள்ளே கும்மிருட்டு. வியர்வை நாற்றம் முகத்தில் அறைந்தது. மச்சினன் எனக்குப் பின்னால் வாசலிலேயே நின்றான்.

"அக்கா?"

"இங்க இருக்கேன்." குரல் நாற்காலியிலிருந்து வந்தது. மூச்சாகத்தான் வந்தது.

"எழுந்திருங்க, வெளிய போயிடலாம்."

"வந்துட்டேன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கன்னும் சொல்லிட்டேன்." எச்சில் விழுங்கினாள். "விட மாட்டேங்கறார் தம்பி."

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். ஒரு நாற்காலியில் அவள் இருந்தாள். அவளுடைய இடது கை நீண்டு, பக்கத்து நாற்காலியின் கைப்பிடிமேல் கிடந்தது. அந்த நாற்காலியில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். உடம்பு எழுந்தது, கை எழவில்லை. மச்சினன் ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலியில் முனகினாள்.

வெளிச்சத்தை மணிக்கட்டுக்குக் கொண்டுபோனேன். தோல் நான்கு இடங்களில் வெளுத்துப் பள்ளமாகியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடிப்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஐந்தாவது பள்ளம் மெல்ல விழுந்தது.

"இன்னும் இழுக்காதீங்க," என்றாள் அக்கா. "நீங்க இழுக்க இழுக்க இறுக்கிப் பிடிக்கிறார்."