கீழேயிருந்து வந்த வரைபடம்

காலை பத்து மணிக்குக் கப்பலில் ஏறினேன். பெயிண்டும் டீசலும் கலந்த வாடை. ஏணியருகே நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டவன், கடலுக்குள் கேமரா வண்டியை இறக்கி ஓட்டுகிறவன். எல்லோருக்கும் அவன் நண்டு. என் கணவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன்.

"அண்ணி, அண்ணன் உட்கார்ந்த நாற்காலிதான் உங்களுக்கு. வேற போடச் சொல்லட்டுமா?"

"நாற்காலியில என்ன இருக்கு," என்றேன்.

பதினோரு மாதத்துக்கு முன்பு இதே கப்பலில், இதே வேலையில் இருந்தார் அவர். அலை மிரட்டிய ஒரு நாளில் தளத்திலிருந்து விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. நான் அழவும் இல்லை. மரத்துப்போன கை மாதிரி இருந்தேன், குத்தினாலும் தெரியாது. அவர் வேலை எனக்கும் தெரிந்த வேலை. கூப்பிட்டார்கள், வந்தேன். "வேற கடலே இல்லையாம்மா?" என்று மாமியார் கேட்டார்.

கப்பல் வயலை உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பும். அதன் அடியிலுள்ள கருவி ஒலியைக் கீழே அனுப்பும். தரையில் பட்டு வரும் எதிரொலியை வைத்து நான் படம் வரைவேன். வெயில் எட்டாத எண்ணூறு மீட்டர் ஆழத்தில், குளிரிலேயே வளரும் பவளம் எங்கெங்கே இருக்கிறதென்று குறிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நண்டு வண்டியை இறக்கிப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு மேட்டின் மேல் வண்டி இறங்கியது. நாங்கள் இருந்தது ஜன்னல் இல்லாத அறை. திரையில் வெள்ளை வெள்ளையாகக் கிளைகள், எலும்பை நட்டு வைத்த தோட்டம் போல. நடுவில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்.

நெற்றிப் பக்கம் அவர் கையெழுத்தில் அவர் பெயர்.

அதன் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பவளம் முளைத்திருந்தது.

நண்டு குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, இது வருஷத்துக்கு ஒரு நகம் அளவு வளர்ந்தாலே அதிகம்."

"தெரியும்."

"அப்ப இது முப்பது வருஷத்துப் பவளம்."

ஆழத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது, வண்டியிலுள்ள மைக்கோடு இணைந்த என் ஹெட்போனில் ஒரு சத்தம். டிக். ஒரு மூச்சு நேரம். டிக்.

"நம்ம கருவியை நிறுத்திட்டியா?"

"வண்டி இறங்கும்போதே நிறுத்தியாச்சு அண்ணி."

டிக்.

மேலிருந்து போகிற ஒலி இல்லை அது.

கீழிருந்து வந்தது.

என் கம்ப்யூட்டரில் ஒரு படம் தானாக விழத் தொடங்கியது, வரி வரியாக. எங்கள் படங்களில் தொலைவுக்கு நீலம் போடுவோம். இதில் சிவப்பு. அவர் ஒருவர்தான் பிடிவாதமாகச் சிவப்பு போடுவார். அதற்காக எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

பாதி வந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. எங்கள் கப்பலின் அடிப்பாகம். இரும்புத் தகட்டைத் தாண்டி உள்ளேயும் வரைந்திருந்தது. ஒரு அறை. ஒரு நாற்காலி.

அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

நண்டு எட்டிப் பார்த்தான். ஹெல்மெட்டைத் தொடாமலே வண்டியை மேலே ஏற்றினான். அன்று மாலையே கேப்டன் கப்பலைத் திருப்பச் சொன்னார். கருவிக் கோளாறு என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. இங்கிருந்து கடலுக்கு ஆறு மணி நேரப் பயணம். மாமியார் போடுவதைச் சாப்பிடுகிறேன். படுத்தால் தூங்கிவிடுகிறேன்.

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தபோது புதிதாக ஒரு படம் இருந்தது. யார் அனுப்பியது என்றில்லை. நேற்றைய தேதி. தொலைவெல்லாம் சிவப்பு.

சுவர், அலமாரி, ஜன்னல். எங்கள் படுக்கையறைதான், தரைக்கு அடியிலிருந்து பார்த்த மாதிரி. கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

அந்தக் கட்டிலில் நான் மட்டும்தான் படுக்கிறேன்.

சுவரோரம் சுருண்டு கிடந்தது நான். பக்கத்தில் இருந்த உடம்பிலிருந்து கிளை கிளையாக ஏதோ வளர்ந்து, என் தோள் வரை வந்திருந்தது.