கதவைக் கழற்றிப் போனவள்

அடுப்பு சூடாக இருந்தது.

ராக்னா இரும்பின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. முந்தின நாள் விடியலில் தணலைத் தண்ணீர் தெளித்து அவித்துவிட்டு, பன்னிரண்டு மைல் நடந்து நகரத்துக்குப் போய், ஒரு விடுதியின் சமையலறை மூலையில் படுத்து எழுந்து, இன்று நடுப்பகலில் திரும்பி வந்தவள் அவள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. வீட்டுக்குள் எப்போதும் இருக்கிற வாசனைதான்: புல்வேரோடு வெட்டி அடுக்கிய மண்கட்டிச் சுவரின் ஈரம், புளித்த பால், கருகிய புல். கருகிய புல்லின் வாசனை மட்டும் இப்போதுதான் எரிந்ததுபோல் இருந்தது.

மரமே இல்லாத அமெரிக்க டகோட்டா சமவெளியில் காய்ந்த புல்லைக் கயிறாக முறுக்கி, முடிச்சுப் போட்டுத்தான் அடுப்பெரிக்க வேண்டும். போகும்போது பெட்டியில் பாதிதான் முடிச்சுகள் இருந்தன. இப்போது பெட்டி நிறைந்திருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஐந்து வருடமாக ஒரே பக்கம் முறுக்கி முறுக்கி அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இந்த முடிச்சு எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. அவள் முறுக்குவதைவிட இறுக்கமாகவும் இருந்தது.

"எவளோ ஒருத்தி கைவேலைக்காரி போல," என்று ராக்னா சத்தமாகச் சொல்லிவிட்டு அதை அடுப்பில் போட்டாள். பயம் வந்தால் வாய் திறந்து பேசிவிடுவது அவள் வழக்கம்.

சாயங்காலம் தோரா வந்தாள். கிழக்குப் பக்கத்து நிலத்துக்கார ஹால்வரின் மனைவி. கையில் ஒரு கிண்ணம் வெண்ணெய், முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கல்.

"நேத்து உனக்கு என்னடி அவ்வளவு திமிரு? ஓடை வரைக்கும் வந்து கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"நேத்து நான் இங்க இல்லக்கா. டவுனுக்குப் போயிருந்தேன், நோட்டீஸ் குடுக்க."

"உழவு வயல்ல நின்னுட்டிருந்தியே. அந்தச் சாம்பல் சால்வையைப் போத்திக்கிட்டு."

சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் ராக்னா நகரத்துக்குப் போயிருந்தாள். தோரா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "புகை கூட வந்துச்சு உன் வீட்ல இருந்து," என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அரசு நிலத்தில் குடியேறுபவர்களுக்கான சட்டம் மிகவும் எளிமையானது. நூற்று அறுபது ஏக்கர். ஐந்து வருடம் விட்டுப் போகாமல் குடியிருக்க வேண்டும், உழ வேண்டும், கதவும் ஜன்னலும் உள்ள ஒரு வீடு கட்ட வேண்டும். கடைசியில் ஆறு வாரம் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம். யாரும் வராவிட்டால், இவள்தான் அங்கே வாழ்ந்தாள் என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சத்தியம் செய்ய, நிலம் அவளுடையதாகிவிடும். மினசோட்டாவில் ஒரு பாதிரியார் வீட்டில் பன்னிரண்டு வருடம் பாத்திரம் தேய்த்து, சமையலறையில் நின்றபடியே சாப்பிட்ட ராக்னாவுக்கு இந்த மண் எவ்வளவு பெரிது என்று கணக்கெழுதும் அதிகாரிகளுக்குத் தெரியாது. இதை விட்டால் அவளுக்குத் திரும்பிப் போக அந்தச் சமையலறைதான் உண்டு.

தோரா போன பிறகு வாசலில் நின்று ஆளற்ற வயலைப் பார்த்துச் சொன்னாள்: "ஆட்சேபம் இருந்தா ஆபீசுக்கு வந்து சொல்லு. திருட்டுத்தனமா அடுப்பு மூட்டாத."

காற்றில் புல் சாய்ந்து நிமிர்ந்தது.

அவள் வீட்டில் இருக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் புரிந்தது. கிணற்றுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரோடு திரும்பினால் மாவு பிசைந்து துணி மூடியிருக்கும். மாட்டைக் கட்டிவிட்டு வந்தால், சுவர்ப்பக்கக் கட்டிலில் ஒரு உடம்பின் பள்ளம் இருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒருநாள் மத்தியானம் ஓடையில் துணி அலசிவிட்டு வரும் வழியில், தன் வயலின் ஓரமாகப் புதிதாக உழுத மூன்று சால்கள் நேராக ஓடுவதைப் பார்த்தாள். பக்கத்தில் குளம்புத் தடமும் இல்லை, கால் தடமும் இல்லை. சட்டப்படி நிலத்தை மேம்படுத்த வேண்டுமே, அதையும் அது விட்டுவைக்கவில்லை.

ராக்னா அந்தச் சால்களில் தன் கையாலேயே கோதுமை விதைத்தாள். பிசைந்த மாவை ரொட்டியாகச் சுட்டுத் தின்றாள். வெதுவெதுப்பான அந்தப் பள்ளத்திலேயே முதுகை வைத்துப் படுத்து, விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நான்காவது வாரம் ஹால்வர் வந்தான். தாடிக்குள் வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றான்.

"இன்னும் ரெண்டு வாரந்தானே. எங்க வீட்ல வந்து படுத்துக்கம்மா. தோரா தூங்கவே மாட்டேங்கிறா உன்னை நெனச்சு."

"நான் ஒரு ராத்திரி வெளிய படுத்ததுக்கே அடுப்பு மூட்டிருச்சு அண்ணே. ரெண்டு வாரம் விட்டா பிள்ளை குட்டி பெத்துரும்."

ஹால்வர் சிரிக்கவில்லை. அவன் பார்வை கிணற்றுச் சுவரில் இருந்தது. அதில் உள்ள கற்கள் முதல் வருடம் உழும்போது வட்ட வட்டமாகக் கிடைத்தவை. முன்பு இங்கே வாழ்ந்த பழங்குடிகள் கூடாரத்தின் ஓரத்தை அமுக்கி வைத்திருந்த கற்கள். அந்தக் கூடாரக்காரர்களைப் பட்டாளம் ஆற்றுக்கு அப்பால் ஓட்டிவிட்ட பிறகுதான் இங்கே நிலம் அளக்கும் சங்கிலியே வந்தது.

"அவங்களை யாரும் கேக்கலியே, நாம வரும்போது," என்றான்.

"கேக்கல. நானும் கேக்காமத்தான் வந்தேன். அதுக்குப் பாவம் என் தலையில எழுதியிருந்தா எழுதட்டும். ஆனா இது அவங்க இல்ல அண்ணே. அவங்களா இருந்தா என் மாவு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? என் சால்வைய எப்படிப் போத்தத் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஹால்வர் குதிரையை அவசரமாகத் திருப்பினான். அன்று முழுக்க அவள் முதுகைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

கடைசி வாரத்தில் அவள் வெளியே போகவே இல்லை. தண்ணீர் தீர்ந்தபோது கூரையிலிருந்து வடிந்ததைக் குடித்தாள். ஆனால் சத்தியம் செய்யும் நாள் வரும். நில அலுவலகம் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிறது. இங்கேதான் வாழ்கிறேன் என்று சொல்வதற்கு, இங்கிருந்து போக வேண்டும். அந்த வேடிக்கையை நினைத்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சுவருக்குள் யாரோ சிரிப்பை அடக்குவதுபோல் இருந்தது.

சிரிப்பு நின்றது. இரண்டும்.

அந்த நாளும் வந்தது. விடியலில் ஹால்வரும் தோராவும் வண்டியோடு வந்தபோது, ராக்னா சுத்தியலும் கையுமாக நின்றாள். ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தோடு பெயர்த்து வைக்கோலில் சுற்றியிருந்தாள். இப்போது கீலைத் தட்டிக் கதவையே கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் தோரா.

"கதவும் ஜன்னலும் இல்லாட்டி சட்டப்படி அது வீடில்லக்கா. வெறும் பொந்து. பொந்துல எது வேணா உக்காந்துக்கட்டும். குடியிருந்தேன்னு சொல்ல முடியாது."

ஹால்வர் முதல் தடவையாகச் சிரித்தான். மூவருமாகக் கதவை வண்டியில் ஏற்றினார்கள். ஒரு மைல் போனதும் தோரா திரும்பிப் பார்த்தாள், உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புகையா?" என்று கேட்டாள் ராக்னா.

"நீ பாக்காத."

அவள் பார்க்கவில்லை.

நில அலுவலகத்தில் மை வாசனை அடித்தது. எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இந்தப் பெண் ஐந்து வருடமும் அங்கேயே குடியிருந்தாளா என்று ஹால்வரைக் கேட்டார். ஹால்வர் பொய் சொல்லத் தெரியாத மனிதன்.

"ஒரு நாள் விடாம இருந்தாய்யா. அவ இங்க டவுன்ல இருந்த அன்னிக்குக்கூட அங்கதான் இருந்தா."

எழுத்தர் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி எழுதினார். தோரா புருஷனின் தொடையைக் கிள்ளினாள். ராக்னாவின் கைக்குக் காகிதம் வந்தது. அவள் பெயர் இருந்தது, நிலத்தின் எண் இருந்தது. ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் அதை ரவிக்கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் தன் உடம்பில் இருந்தது அவளுக்கே தெரியாது.

வெயில் சாய்ந்திருந்தது. குதிரைகள் வீட்டுக்கு ஐம்பது அடி முன்னால் நின்றுவிட்டன.

வீட்டுக்குக் கதவு இருந்தது.

அவளுடைய கதவு வண்டியில், அவள் காலடியில் கிடந்தது. சுவரில் இருந்தது வேறு. பலகை இல்லை. புல். உயிரோடு, பச்சையாக, ஐப்பசிக் குளிரில் பச்சையாக.

அது திறந்தது.

வந்து நின்றவளுக்கு ராக்னாவின் முகம். இன்றைய முகம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் இதே வண்டியிலிருந்து முதல் நாள் இறங்கிய முகம். வெடிக்காத உதடு. வெயில் படாத கன்னம். மூன்றாம் குளிர்காலத்தில் விழுந்த முன்பல் இரண்டும் வாயில் இருந்தன.

ஹால்வர் தொப்பியைக் கழற்றினான். "ராக்னா," என்றான். வாசலைப் பார்த்துச் சொன்னான்.

தோரா இருக்கையில் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ராக்னாவிடமிருந்து.

"வாங்க," என்றது அது. அவளுடைய குரல்தான். "உள்ள வந்து உக்காருங்க."

ராக்னா இறங்கினாள். கதவை இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டாள். கனத்தது. நடந்தாள்.

"என் வீட்ல என்னை எவடி வாங்கன்றது? நகரு."

அது நகர்ந்தது. மரியாதையாக. பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது. அவள் திரும்பவில்லை. கதவோடு குனிந்து உள்ளே காலை வைத்தாள்.

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. இப்போது ஆறு இருந்தன.

மேசையைச் சுற்றி நான்கு பேர். முதல் குளிரில் கருகிய காதோடு ஒருத்தி. வெட்டுக்கிளி வந்த வருடத்து ஒட்டிய வயிற்றோடு ஒருத்தி. பல் விழுந்தவள். மணிக்கட்டு வீங்கியவள். எல்லோரும் அவள். வாசலில் நின்றவள் வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டுகளில் கறுப்பாக, ஈரமாக மண். கையால் அள்ளித் தின்றார்கள்.

ராக்னா ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து மேசை மேல் அடித்தாள்.

"எந்திரிங்கடி எல்லாரும். வீட்டுக்காரி வந்திருக்கேன்."

ஐந்து பேரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். மெல்லுவதை நிறுத்தவில்லை. அப்படியே, ஒரே நேரத்தில், அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.