பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மலிவு வீடு

சனிக்கிழமை, மாலை நான்கு மணி.

வீட்டுக்காரர் சந்திரசேகரன் தன்னிடமிருந்த சாவியைப் போட்டு முன்கதவுப் பூட்டைத் திறந்தார்.

"தரகன் சுப்பையா விடியக்காலையிலேயே வந்து கூட்டிப் பெருக்கி வைக்கிறேன்னான். வெளிய பூட்டிட்டு எங்க போய்த் தொலைஞ்சானோ," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவர், சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

சுப்பையா எங்கும் போகவில்லை. தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி. பின்கதவை வெளியிலிருந்து தாழ்போட்டிருந்தார்கள். அதன் உள்பக்கத்தில் புதிதாக நகக்கீறல்கள். தலைமாட்டில் சின்னதாக ஒரு எனாமல் கோப்பை. குழந்தைகள் பால் குடிக்கும் அளவு, நீலப்பூ போட்டது. அதில் பாதி தண்ணீர், அடியில் போட்டிருந்த பூ அப்படியே தெரிந்தது.

"ரீத்தா, நீ உள்ள வராதே," என்றார் வீடு பார்க்கக் கூடவே வந்திருந்த பெர்னார்ட். மனைவி அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பிப் போனாள்.

பெர்னார்ட் அந்த வீட்டுக்கு வந்தது வாடகைக்கு எடுக்க. ஆனால் அவர் துப்பறியும் சப்-இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, செத்தவர் பக்கத்தில் குந்தினார்.

தைப்பிங்கிலிருந்து பினாங்குக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவருக்கு இரண்டு வேலை. பகலில் திருடனைத் தேடுவது, மாலையில் வீடு தேடுவது. இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாத ஒரே காரணத்தால் பாதியில் படிப்பை விட்டவர் பெர்னார்ட். தன் பிள்ளைகளுக்கு அது நடக்கக்கூடாது என்பதில் பிடிவாதம். புலாவ் தீக்குஸில் நல்ல பள்ளிக்கூடம் இருந்தது, வாடகை கட்டுப்படியாகாது. ஆயர் ஈத்தாம் பக்கம் வாடகை குறைச்சல். பிள்ளைகள் இரண்டும் தனியாக டிராம் ஏறி டவுனுக்கு வர வேண்டும். இப்படி அலைந்து செருப்புத் தேய்ந்த நேரத்தில்தான் சுப்பையா வந்து மாட்டினார்.

"ஜெலுத்தோங்ல ஒரு வீடு இருக்கு சார். வாடகை நீங்க நெனச்சதுல பாதி. ஜன்னலைத் திறந்தா பள்ளிக்கூடம். மணி அடிச்சப்புறம் பிள்ளைங்க கிளம்பினாலும் போதும்லா!"

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. அடுப்படிக்குப் பக்கத்திலேயே திறந்த கிணறு. ரீத்தா ஒரு வாளி இறைத்து, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க அண்ணே," என்று சுப்பையாவிடம் நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி. நமக்குக் காபிதான் ஆகும்," என்று சிரித்துவிட்டு, எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவள் கேத்தரின், அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர், விதவை. காபி கொடுத்தாள். சுப்பையா இரண்டு தம்ளர் குடித்தார்.

"பள்ளிக்கூடம் எப்படி டீச்சர்?" என்று கேட்டாள் ரீத்தா.

"இந்த ஊர்ல இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை."

"தண்ணி?"

கேத்தரின் தம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "அதை அவரையே கேளுங்க."

"இளநி மாதிரி இருக்கும்!" என்றார் சுப்பையா.

அந்தச் சுப்பையாதான் இப்போது தரையில் கிடந்தார்.

சார்ஜென்ட் கமாலுதீனும் டாக்டரும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் முதலில் வாந்திபேதியோ என்றார். பிறகு நகங்களையும் வாயையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாஷாணம். தோட்டத்துல லாலாங் புல்லைக் கொல்ல அடிக்கிறாங்களே, அந்த மருந்தா இருக்கலாம். நெறைய உள்ள போயிருக்கு. சில மணி நேரம் துடிச்சிருப்பான். தொண்டை வறண்டு தண்ணி தண்ணின்னு அலைஞ்சிருப்பான்."

"எப்ப குடிச்சிருப்பான்?"

"காலையில. சரியா இத்தனை மணின்னு சொல்ல முடியாது."

சுப்பையாவின் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. முன்கதவில் தொங்கியது அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. திறந்து நாதாங்கியில் மாட்டிவிட்டு அவர் உள்ளே போயிருக்க வேண்டும். யாரோ வெளியிலிருந்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி.

கமாலுதீன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, செம்மண் குழம்பு! காலையில பெய்ஞ்ச மழை மொத்தமும் உள்ளதான் இறங்கியிருக்கு." வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தெருக்குழாய்க்கு நடந்தார்.

பெர்னார்ட் எதிர்வீட்டுக்குப் போனார். கேத்தரின் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னிக்கு சுப்பையாவைப் பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன். மழைக்கு முன்னாடியே வந்துட்டாரு."

"அப்புறம்?"

"ஆறரைக்கு ஆரம்பிச்ச மழை பத்து மணிக்குத்தான் விட்டுச்சு. விட்டப்புறம் கிணத்தடியில நின்னு தண்ணி இறைச்சாரு. ஒரு சின்னக் கோப்பையில ஊத்திக் குடிச்சிட்டு உள்ள போனாரு. அதுக்கப்புறம் பார்க்கலை."

"கூட யாராவது?"

"நான் ஜன்னல்லேயே உட்கார்ந்திருக்கலை சார்."

ராத்திரிக்குள் ஒரு பெயர் கிடைத்தது. அப்துல் ரசாக், துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. அந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவன். அவனும் பிள்ளையின் படிப்புக்காக நிபோங் தெபாலிலிருந்து குடிவந்தவன்தான். வந்த மூன்றாம் மாதம் மகனுக்கு விஷக்காய்ச்சல். காப்பாற்ற முடியவில்லை. பையனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த கையோடு ஜெலுத்தோங் பசாரில் சுப்பையாவின் சட்டையைப் பிடித்திருக்கிறான். "அந்தக் கெணத்துத் தண்ணியாலதான்டா உனக்கும் சாவு!" என்று அவன் கத்தியதை பசாரே கேட்டிருக்கிறது.

வெள்ளைக்கார சூப்பிரண்டுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஞாயிறு காலை ரசாக் லாக்கப்பில் இருந்தான்.

"நேத்து காலையில எங்க இருந்தே?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"ராத்திரி ஷிப்ட். ஒம்பது மணி வரைக்கும் கப்பல்ல சரக்கு ஏத்திக்கிட்டு இருந்தோம். நாப்பது பேர் பார்த்தாங்க."

"ஒம்பதுக்கு அப்புறம்?"

"பையனை அடக்கம் பண்ணின கபுருக்குப் போனேன். தனியா."

"மழையிலயா?"

"மழையில நனையறானேன்னுதான் போனேன் சார்."

பெர்னார்ட் நோட்டை மூடினார். "சுப்பையாவைக் கொன்னியா?"

ரசாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "இல்ல. கொல்லணும்னு தினமும் நெனச்சேன். எவனோ முந்திக்கிட்டான். அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். தூக்குல போடறதா இருந்தா போட்டுக்குங்க."

சூப்பிரண்டின் கணக்கு எளிது. பத்து மணிக்கு சுப்பையா உயிரோடு தண்ணீர் குடித்ததை டீச்சர் பார்த்திருக்கிறாள். ரசாக் ஒன்பதுக்கு வெளியே வந்துவிட்டான். பத்து மணிக்கு எங்கே இருந்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. கயிறு தயார்.

பெர்னார்ட் அன்று பகல் சாப்பிடவில்லை. சமையல்கட்டில் கிடந்த சாமான்கள் காவல் நிலையத்து மேசையில் இருந்தன. கோப்பைத் தண்ணீரை ஒரு சீசாவில் ஊற்றி, ரசாயனப் பரிசோதனைக்கு முத்திரை போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கமாலுதீனைக் கூப்பிட்டு, வீட்டுக்காரரை ஜெலுத்தோங்குக்கு அழைத்து வரச் சொன்னார்.

சந்திரசேகரன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெர்னார்ட் கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். ஒருநாள் வெயிலில் மண் அடங்கி, தண்ணீர் ஓரளவு தெளிந்திருந்தது. ஒரு தம்ளரில் மொண்டு நீட்டினார்.

"குடிங்க."

"எனக்குத் தாகமில்லை சார்."

"தாகத்துக்குச் சொல்லலை. என் பொண்ணுங்க ரெண்டும் குடிக்க வேண்டிய தண்ணி. வீட்டுக்காரர் நீங்க ஒரு வாய் குடிங்க."

"கிணத்துல விஷம் கலந்திருந்தா..."

"நேத்து ராத்திரி ஒரு நாய்க்கு வெச்சோம். ஓடி விளையாடிக்கிட்டு இருக்கு. குடிங்க!"

தம்ளர் சந்திரசேகரன் முகத்துக்கு நேராக வந்தது. அவர் பின்வாங்கினார். இன்னும் ஒரு அடி பின்னால் போனதும் கிணற்றங்கல் காலில் இடித்தது. பெர்னார்ட் தம்ளரை இறக்கவில்லை.

"தெரியும், இல்லையா?"

"சுப்பையாதான் சொன்னான் சார். பின் சந்துல கக்கூஸ் குழி... ஊறி உள்ள வருதுன்னு. கெணத்தைத் தூர்த்துக் குழாய் போடணும்னா செலவு. பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கறதால ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க. நானும்..."

"ரசாக்குக்கு முன்னாடி யார் யார் இருந்தாங்க?"

"ஒரு ரயில்வேக்காரர் குடும்பம். அதுல ஒரு பிள்ளை. அதுக்கு முன்னாடி தபாலாபீஸ்காரர். அங்கேயும் ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"போயிடுச்சு சார்."

"அதுக்கும் முன்னாடி?"

சந்திரசேகரன் கையால் தெருவின் எதிர்ப்பக்கம், கேத்தரின் வீட்டைக் காட்டினார். "வீட்டைக் காலி பண்ணதிலேருந்து சுப்பையாவைத் திட்டிக்கிட்டே இருந்தவங்க, இப்பத்தான் ராசியானாங்க."

கேத்தரின் கதவைத் திறந்தபோது பெர்னார்டோடு ரீத்தாவும் இருந்தாள். பெண் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உட்காருங்க," என்றாள் கேத்தரின். "காபி போடட்டுமா?"

"வேண்டாம் டீச்சர்," என்றார் பெர்னார்ட். "நேத்து பத்து மணிக்கு சுப்பையா தண்ணி இறைச்சுக் குடிச்சதைப் பார்த்தேன்னீங்க."

"ஆமா."

"பார்க்கலை. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட அந்தக் கிணத்துத் தண்ணி செம்மண் குழம்பா இருந்துச்சு. கை கழுவக்கூட ஆகலைன்னு எங்க சார்ஜென்ட் தெருக்குழாய்க்குப் போனாரு. ஆனா கோப்பையில இருந்த தண்ணியில அடியில போட்ட நீலப்பூ தெரிஞ்சுது. ராத்திரி சீசாவில ஊத்தி வெச்சோம். இன்னிக்கு வரைக்கும் அடியில துளி மண்ணு இறங்கலை. தெருக்குழாயிலயும் நேத்து மத்தியானத்துக்கு அப்புறம்தான் தண்ணி வந்துச்சு, விசாரிச்சுட்டேன். அது மழைக்கு முன்னாடி எடுத்த தண்ணி. அப்படின்னா கோப்பை அங்க வந்தது ஆறரைக்கு முன்னாடி. ரசாக் அப்ப கப்பல்ல இருந்தான்."

கேத்தரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இன்னொண்ணு. சுப்பையா அந்தத் தண்ணியைத் தொடவே மாட்டான். என் மனைவி நீட்டினப்ப வேணாம்னான். உங்க காபியைத்தான் ரெண்டு தம்ளர் குடிச்சான். அவன் வாயில நம்பி எதையாவது ஊத்த முடிஞ்ச ஆள் இந்தத் தெருவில ஒருத்தர்தான். இத்தனை நாள் அவனைத் திட்டிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு சமாதானமாகி, வர்ற குடும்பத்துக்கிட்ட எல்லாம் பள்ளிக்கூடத்தைப் பத்தி நல்லவிதமாச் சொல்ல ஆரம்பிச்சா, தரகனுக்கு அதைவிட என்ன வேணும்?"

"காபியில கலந்து அங்கேயே கொண்டு போய்க் கொடுத்தேன்," என்றாள் கேத்தரின். "பாலிக் புலாவ்ல எங்க அண்ணன் ரப்பர் தோட்டத்துல இருக்காரு. அங்க போனப்ப கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது."

ரீத்தா மெதுவாகக் கேட்டாள். "கோப்பையை எதுக்கு வெச்சீங்க? வெக்காம இருந்தா வாந்திபேதின்னு போயிருக்குமே."

"ஐரீனோட கோப்பை. ஏழு வயசு. காய்ச்சல்ல தண்ணி தண்ணின்னு கேட்டா. நான் அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் கொடுத்தேன். என் கையால. தெரியாமக் கொடுத்தேன்." கேத்தரின் குரல் முதல்முறையாக உடைந்தது, உடனே இறுகியது. "அவனுக்குத் தெரியும். அதனால, மருந்து குடிச்சப்புறம் அவனுக்குத் தாகம் எடுக்கும்னு தெரிஞ்சுதான், கோப்பை நிறைய வெச்சுட்டுப் பூட்டினேன். வீட்டுக்குள்ள வேற தண்ணி கிடையாது. பாதி குறைஞ்சிருந்துச்சுன்னு நீங்கதானே பார்த்தீங்க? குடிச்சிருக்கான். இங்க ஜன்னல்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். மழைச்சத்தத்துல தெருவில வேற யாருக்கும் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு."

ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணிதான் கொன்னுச்சுன்னு எழுதணும்னு பத்து மணின்னு சொன்னேன். ரசாக்கைப் பிடிப்பாங்கன்னு நெனக்கலை," என்றாள் கேத்தரின். "நாளைக்கு நானே ஸ்டேஷனுக்கு வரதா இருந்தேன். நம்பினா நம்புங்க. அந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்." செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் தானே சாத்திப் பூட்டினாள்.

ரசாக் அன்று மாலையே விடுதலையானான். பெர்னார்ட் தன் அறிக்கையில் கிணற்றைப் பற்றியும் நான்கு பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார். சூப்பிரண்டு அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். பெர்னார்ட் எடுக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறியும் சொன்னார். சந்திரசேகரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டை விட்டு வெளியே போனதை ஜெலுத்தோங்கே நின்று பார்த்தது. அவர் ஜவுளிக்கடையில் அதற்குப் பிறகு தமிழர்கள் யாரும் கால் வைக்கவில்லை. கடை அடுத்த வருஷம் ஏலத்துக்குப் போனது. கிணற்றைத் தூர்த்தது ரசாக்தான். யாரையும் கேட்காமல், மண்வெட்டியோடு வந்து, ஒரே ஆளாக.

பெர்னார்ட் குடும்பம் புலாவ் தீக்குஸில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்தது. வாடகை கழுத்தை நெரித்தது.

ஜூரிகள் கேத்தரின் குற்றவாளிதான் என்றார்கள். இரக்கம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்லும் முன் நீதிபதி, செய்த காரியத்துக்கு வருந்துகிறாயா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்வதற்குள்ளாகவே கேத்தரின் பதில் சொன்னாள்.

"வருத்தம் இருக்கு. ஐரீன் செத்ததும் நான் சுகாதார ஆபீசுக்கு மனு மேல மனு எழுதிக்கிட்டு நாலு வருஷத்தைக் கழிச்சேன். அன்னிக்கே இந்தக் காபியைப் போட்டிருந்தா, மத்த மூணு பிள்ளைங்களும் இப்ப பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருக்கும்."