அம்சத்தின் கற்பூரவல்லி

மன்னார்குடியில், மீரா உசேன் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்னப் பால்கனி. அங்கே ஓர் ஓட்டை வாளியில் கற்பூரவல்லி தளதளவென்று வளர்ந்திருந்தது. அதில் ஓர் இலையைக்கூட யாரும் தொட முடியாது. அம்சம் விடமாட்டாள்.

அவள் அப்பா இராஜாங்கம் திருச்சி சிறையில் இருந்தார். அறுவடைக் கூலியில் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டு ஊர்வலம் போனவர்களோடு அவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு ஊரில் யாரும் அம்மாவுக்கு வேலை கொடுக்கவில்லை. அம்மா நீலாம்பாள் மகளோடு மன்னார்குடிக்கு வந்து, அந்தச் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிளம்பும்போது அம்சம், அப்பா வீட்டோரம் வைத்த செடியில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டாள்.

அதுதான் இப்போது வாளியில் நின்றது. அப்பா வந்து பார்க்கும்போது செடி முழுசாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவுக்குச் சளி பிடித்தபோதுகூட மிளகு ரசம் குடிக்கச் சொல்லிவிட்டாள். அம்மாவும் தும்மிக்கொண்டே குடித்தாள்.

எதிரே, கறுப்பு சிவப்புக் கொடி பறந்த நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றால் அம்சம் பால்கனிக்கு ஓடுவாள். இறங்குபவர்களில் அப்பா இருக்கமாட்டார். குனிந்து செடியை முகர்ந்துவிட்டு உள்ளே போவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து அறை சைத்தூன் பீவியின் இரண்டு வயது மகன் யூசுப்புக்கு இருமல். சாப்பிட்டதையெல்லாம் இருமி இருமிக் கக்கினான். சைத்தூன் பீவி வெளியே வந்து செடியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்காமல் போனதுதான் அம்சத்தை என்னவோ செய்தது. பெரிய இலைகளாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனாள்.

"அக்கா, இதை அனல்ல வாட்டி, சாறு பிழிஞ்சு, தேன் விட்டுக் குடுங்க."

"உங்க அப்பாவுக்குன்னு வச்சிருந்ததாச்சே."

"அப்பாவா இருந்தா நேத்தே குடுத்திருப்பாரு."

இருமல் நிற்கும்வரை தினமும் பறித்தாள். கடைசியில் வாளியில் குச்சிகள்தான் மிஞ்சின. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் பால்கனிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் யூசுப் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினான். கிள்ளிய இடமெல்லாம் துளிர்! ஓர் இலை இருந்த இடத்தில் இரண்டு.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. செடி அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவே அவரிடம் போகலாம்.

அடுத்த முறை அம்மா திருச்சிக்குப் போனபோது, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கிளையோடு அம்சமும் போனாள். வாசல் காவலர் அதை முகர்ந்து பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே போகச் சொன்னார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா மெலிந்திருந்தார். அம்சம் கம்பி வழியே நீட்டிய கிளையை வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"எப்பப்பா வருவீங்க?"

"கேஸ் முடியணும்டா கண்ணு." அவர் கிளையைத் தடவினார். "உள்ள ஒரு உடைஞ்ச சட்டி கிடக்கு. அதுல நட்டு வைக்கிறேன்."

"தண்ணி நிறைய ஊத்தாதீங்கப்பா, அழுகிடும். இலையைப் பறிச்சுக்கிட்டே இருங்க. அப்பதான் வளரும்."

"சரிங்க டீச்சரம்மா" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அம்சம் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.