சுனைக்குள்ளிருந்து ஒரு ‘யெஸ், சார்’

எருமப்பட்டிச் சாலையில் பஸ் அவளை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது உச்சி வெயில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, டிசம்பர் மாதம். அந்தோணிமேரி தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு செங்கரட்டைப் பார்த்து நடந்தாள். சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டு வருஷம் படித்தவள் பெட்டி சுமக்கலாமா என்று கேட்க அந்தச் சாலையில் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செங்கரடு ஒரே பாறை. உச்சியில் இடிந்த கோட்டை. அடிவாரத்தில் துரைமார் வந்து தங்கும் பங்களா. பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. அந்த வீடு கோட்டையைச் சுற்றிக் காட்டும் கைடுக்கு உரியது. அவளுடைய அப்பா லாசர் பன்னிரண்டு வருஷம் அங்கே கைடாக இருந்தார். ஆவணி மாதம் கோட்டைச் சுனையில் கால் வழுக்கி விழுந்து போனார் என்று பங்களாவிலிருந்து கடிதம் வந்தது. பிரேதம் கிடைக்கவில்லை. மாதா கோயில் கல்லறையில் அவர் பெயர் எழுதிய சிலுவைக்கு அடியில் வெறும் மண்தான்.

பட்லர் அற்புதராஜ் பங்களா வாசலிலேயே நின்றிருந்தார்.

“வா புள்ள. புது வருசத்தன்னிக்கு சேலத்திலிருந்து ஒரு துரை வாராரு. கூட ரெண்டு துரைசானிங்க. பொம்பளைங்களுக்கு வழி காட்ட ஒரு பொம்பளை இருந்தா நல்லதுன்னு நாந்தான் பங்களாக் கமிட்டியில சொல்லி வெச்சிருக்கிறேன். அன்னிக்கு நீ தடங்கலில்லாம இங்கிலீசு பேசிப்புட்டா வேலை உனக்கு. இல்லீன்னா அதுக்கு மக்யா நாளே ஊட்டைக் காலி பண்ணோணும். திருச்சிக்காரன் ஒருத்தன் தயாரா இருக்கிறான்.”

“படிக்கத் தெரியுங்க. எழுதத் தெரியுங்க. பேசினதில்லீங்களே.”

“எட்டு வருசம் அப்ப என்னத்தப் படிச்ச?”

“வாய மூடிட்டு இருக்கறதுக்குத்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க.”

பட்லர் சிரிக்கவில்லை. நான்கு காகிதங்களை நீட்டினார். கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

வீட்டில் வைத்துப் பழக முடியவில்லை. “குட் மார்னிங், மேடம்” என்று அவள் சத்தமாகச் சொன்னதுமே கிணற்றடியில் நின்ற மாரக்காள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “அடியாத்தி! லாசரு மவ துரைசானியாவே ஆயிப்போட்டாளே! இனி நம்மகிட்ட பேசோணும்னா தொப்பி கேப்பாளோ என்னமோ!”

மறுநாள் மதியம் அவள் கோட்டைக்குக் கிளம்பினாள். தாய் தெரசம்மாள் பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு வந்து, சும்மாட்டுத் துணியைக்கூட எடுக்காமல் வழி மறித்தாள்.

“உச்சி வேளையில சுனைப் பக்கம் போவாத சாமி. ஆட்டுக்காரங்க கூட அந்நேரம் அங்க போறதில்ல.”

“அதுக்குத்தான் போறேன். அங்க சிரிக்க ஆளிருக்காதில்ல.”

பாறையைக் குடைந்த சுனை. இருபத்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். மேலே கல் கொதிக்கும். பத்தாவது படி தாண்டினால் ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி குளிரும். வௌவால் எச்சமும் பாசியும் கலந்த வாடை. அடியில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

பள்ளியில் பரிசாகக் கொடுத்த சம்பாஷணைப் புத்தகத்தை அவள் முதல் படியில் உட்கார்ந்து பிரித்தாள். பக்கத்தின் இடப்புறம் துரை பேசுவது, வலப்புறம் வேலைக்காரன் பேசுவது. எல்லாப் பாடமும் ஒரே மாதிரிதான் முடியும். வேறு ஏதாவது வேண்டுமா என்று வேலைக்காரன் கேட்பான்: “எனிதிங் எல்ஸ், சார்?” நீ போகலாம் என்பார் துரை: “யூ மே கோ.”

எதிரில் பேச ஆள் இல்லாததால் இரண்டு பக்கத்தையும் அவளே பேசினாள். துரைக்குக் கட்டைக் குரல். வேலைக்காரனுக்கு மெல்லிய குரல்.

“கைடு! கம் ஹியர்!”

“கமிங், சார்.”

குகை இரண்டையும் திருப்பிச் சொன்னது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள்.

“கைடு! கம் ஹியர்!” என்று அதட்டிவிட்டு, பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

“கமிங், சார்.”

எதிரொலி சொன்ன பிறகுதான் வரும். அவள் இன்னும் சொல்லவில்லை.

தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து வந்து கடைசிப் படியைத் தொட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். அந்தப் படியில் ஓர் ஈரப் பாதம் பதிந்திருந்தது. வலது பாதம். சுண்டுவிரல் இல்லை.

அப்பாவின் வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, கல் உடைக்கும் இடத்தில் நசுங்கிப் போனது.

“அப்பா” என்றாள். “அப்பா, நாந்தான் மேரி.”

ஒன்றுமில்லை. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அழுதாள். கடைசியில், நாக்கில் கசப்போடு, அந்தக் கட்டைக் குரலை எடுத்தாள்.

“கைடு!”

“யெஸ், சார்.”

பணிவான குரல். துரைமார் சிரிக்கும்போது தலையைக் குனிந்து, தோள் குலுங்க, எதற்கென்று தெரியாமலே கூடச் சிரிப்பாரே, அந்த மனிதருடைய குரல். சின்ன வயதில் அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவளுக்கு அருவருப்பாக இருக்கும்.

ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: தினமும் போனாள். வீடு வேண்டும், வீட்டுக்கு இங்கிலீஷ் வேண்டும், அந்தச் சுற்று வட்டாரத்தில் அவளோடு இங்கிலீஷ் பேச இருந்தது ஒரே ஓர் ஆள். நாளுக்கு நாள் அவள் நாக்கு திருந்தியது. நாளுக்கு நாள் ஈரப் பாதம் ஒரு படி மேலே ஏறியது.

டிசம்பர் முப்பதாம் தேதிதான் நான்காவது காகிதத்துக்கு வந்தாள். சுனையின் முன் நின்று சொல்ல வேண்டியது அது. ‘இந்தச் சுனைக்கு அடியே கிடையாது. எங்கள் கைடு ஒருவன் துரையின் வெள்ளி சிகரெட் பெட்டியைத் தேடி உள்ளே போனான். நல்ல வேலைக்காரன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.’ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘இங்கே சற்று நிறுத்தவும். சிரிப்பார்கள்.’

காகிதத்தை எடுத்துக்கொண்டு பங்களாச் சமையலறைக்குப் போனாள்.

“கால் வழுக்கி உழுந்தாருன்னு எழுதினீங்க.”

அற்புதராஜ் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அன்னிக்கு வந்த துரையோட பெட்டி சுனையில உழுந்துபோச்சு. எடுடான்னாரு. உங்கப்பன் ‘யெஸ், சார்’னான். எறங்கினான். அவ்வளவுதான்.”

“அப்பாவுக்கு நீச்சலே தெரியாதுங்களே.”

“துரை கேக்கலியே. அவனும் சொல்லலியே.”

“அதைச் சிரிக்கறதுக்கா எழுதி வெச்சீங்க?”

“போன மாசம் வந்தவங்க உழுந்து உழுந்து சிரிச்சாங்க. நீ சொல்லலைன்னா திருச்சிக்காரன் சொல்லுவான். உங்கம்மாளைக் கேட்டுட்டு வா, எங்க போய்ப் படுத்துக்குவீங்கன்னு.”

அவள் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

புது வருஷத்தன்று துரையும் இரண்டு துரைசானிகளும் வந்தார்கள். அந்தோணிமேரி கொத்தளம் காட்டினாள், வெடிமருந்துக் கிடங்கு காட்டினாள். “மைண்ட் யுவர் ஹெட், மேடம்” என்று தாழ்ந்த வாசலில் எச்சரித்தாள். மஞ்சள் குடை பிடித்திருந்த துரைசானி வியந்துபோய், உனக்கு இவ்வளவு நன்றாகப் பேச யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். “மை ஃபாதர், மேடம்” என்றாள் அவள். அது பொய் இல்லை.

சுனைக்கு வந்தார்கள். பட்லர் பின்னால் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரப் பாதம் மேலிருந்து நான்காவது படி வரை ஏறியிருந்தது.

அவள் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். சற்று நிறுத்தினாள்.

துரை சிரித்தார். துரைசானிகள் சிரித்தார்கள். பட்லரும் சிரித்தார்.

நான்காவது படியிலிருந்து, தலை குனிந்து, தோள் குலுங்க, ஐந்தாவதாக ஒருவர் சிரித்தார்.

“வாட் எ லவ்லி எக்கோ!” என்றாள் குடைக்காரி. எவ்வளவு அழகான எதிரொலி!

வேலை கிடைத்துவிட்டது. துரை போகும்போது அவளைப் பெயர் கேட்டார், கேட்டு மறந்தார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் சுனைக்குத் திரும்பி வந்தாள். கட்டைக் குரலை எடுத்தாள். அந்தக் குரல் அவளுக்கு இப்போது சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கைடு. யூ மே கோ.”

பிறகு, ஒரு மூச்சு.

“தேங்க் யூ, சார்.”

போய்விட்டார் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையிறங்கினாள்.

பாதி வழியில்தான் பார்த்தாள். கொதிக்கும் பாறைமேல் அவளுக்கு முன்னாலேயே ஈரப் பாதங்கள் இறங்கிப் போயிருந்தன. வெயிலில் அவை காயவில்லை. பங்களாவைச் சுற்றிக்கொண்டு, வேலைக்காரர்கள் நடக்கும் பின் பாதையில் போயின. அவள் வீட்டு வாசலில் போய் நின்றன.

படிக்கு வெளியே, வீட்டைப் பார்த்தபடி, துரை முன்னால் நிற்கிற மாதிரி குதிகால்கள் ஒட்டி, இரண்டு பாதங்கள்.

படிமேல் ஒரு வெள்ளி சிகரெட் பெட்டி. அதிலிருந்து சேறு வடிந்துகொண்டிருந்தது.

“ஊடு நம்முளுதேதானாமே சாமி!” உள்ளேயிருந்து தெரசம்மாள் சந்தோஷமாகக் கத்தினாள். “பட்லரு சொல்லி உட்டாரு. ஆரு அங்க வாசல்ல?”

அந்தோணிமேரி மண்டியிட்டாள்.

“உள்ள வாங்கப்பா.”

பாதங்கள் அசையவில்லை.

“கம் இன்” என்றாள், தன் சொந்தக் குரலில். “ப்ளீஸ்... சிட் டவுன்.”

உள்ளே வா, உட்கார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த இங்கிலீஷை அவரிடம் ஒருவரும் பேசியதில்லை.

பாசி வாடை அவள் முகத்தருகே குனிந்தது.

“எனிதிங் எல்ஸ், சார்?”