பேயின் குரலைத் திருடியது யார்?

காலை மணி பதினொன்று. வசனக்காரி பதிவு அறையின் அலமாரியைத் திறந்தாள். கடைசி பாகத்தின் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில், தூசியில் அதன் அச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

டப்பிங் ஸ்டுடியோவில் ஒரு டிஸ்க் தொலைவதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது ‘ஏழுக்கு மேலே’ என்ற ஜப்பான் அனிமே தொடர். கட்டடத்துக்கு ஏழே மாடி; லிஃப்ட் மட்டும் சில நாள் எட்டாவதில் போய் நிற்கும். அங்கே ஒரு பேய். அது கத்தாது, ரத்தம் கக்காது, திடீரென்று மூஞ்சியைக் காட்டிப் பயமுறுத்தாது. ஒரு சின்னப் பெண்ணின் கதவுக்கு வெளியே நின்று மெல்ல முனகும், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் எழுந்து போய்த் தங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். இப்பேர்ப்பட்ட தொடரைச் சீந்துவார் இல்லை. வசனக்காரிதான் சேனல்காரர்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தமிழுக்குக் கொண்டுவந்தாள். இன்று மாலை ஆறு மணிக்குள் கடைசி பாகம் வராவிட்டால் தொடரை அப்படியே கைகழுவிவிடுவோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

மறுபடியும் பேசிப் பதிவுசெய்யலாமே என்றால், அதற்கும் வழியில்லை. தொடர் முழுக்க முனகிக்கொண்டே இருந்த பேய், கடைசி பாகத்தில் ஒரே ஒரு தடவை வாய் திறக்கும். அதற்குக் குரல் கொடுத்த அக்காவுக்குப் போன வாரம் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

வசனக்காரி அலமாரிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பேய்ப்படம்னு எடுத்தோம், ஒரு பேய்கூடப் பார்க்கலை,” என்றார் ஸ்டுடியோ முதலாளி, வாசலில் நின்றபடி. “விட்டுத் தள்ளும்மா. தலைமுழுகிட்டு அடுத்த வேலையைப் பாரு.”

“நான் போலீஸுக்குப் போன் பண்ணப் போறேன்,” என்றாள் அவள்.

பகல் பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் இன்ஸ்பெக்டரம்மா.

“டிஸ்க் தொலைஞ்சதுக்கெல்லாம் நான் வர மாட்டேன், ஏட்டைத்தான் அனுப்புவேன்,” என்றார். “ஆனா நான் இந்தத் தொடரை ஒண்ணு விடாமப் பார்த்தவ. அதைப் பார்த்ததுலேர்ந்து லிஃப்ட்ல ஏறவே மாட்டேங்கறேன், முட்டி வலியோட படியேறிட்டிருக்கேன். முடிவு தெரியாமப் போனா உங்க எல்லாரையும் உள்ள தள்ளிடுவேன்.”

வசனக்காரிக்கு அந்தத் துக்கத்திலும் உயிர் வந்தது. ஊரில் ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

பதிவு அறைக்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சும் ஒரு பிரம்புக் கூடையும் இருந்தன. இன்ஸ்பெக்டரம்மா உள்ளே காலை வைக்கப் போனார். ஒலிப்பதிவாளர் குறுக்கே வந்தார்.

“மேடம், போனை ஆஃப் பண்ணிக் கூடையில போடுங்க. வளையலையும் கழட்டிடுங்க.”

“இப்ப ரெக்கார்டிங் நடக்குதா?”

“இல்லை.” அவர் தலையைச் சொறிந்தார். “பழக்கதோஷம், மேடம். மைக்ல சின்னச் சத்தம்கூட விழும். கழட்டாம உள்ள போனா எங்களுக்குக் கால் கூசும்.”

இன்ஸ்பெக்டரம்மா போனை அணைத்துக் கூடையில் போட்டுவிட்டு வளையலைக் கழற்றினார். கூடைக்குள் ஏற்கெனவே மூடியில்லாத பேனா, ஒரு சாவிக்கொத்து, ஒற்றைப் பச்சைக்கல் தொங்கட்டான், இருமல் மிட்டாய் டப்பா என்று என்னென்னவோ கிடந்தன. யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போவது அங்கே வாடிக்கை.

உள்ளே பார்த்துவிட்டு வந்து விசாரணையை ஆரம்பித்தார்.

“டிஸ்கைக் கடைசியா யார் பார்த்தது?”

“நான்தான், பத்து மணிக்கு,” என்றார் ஒலிப்பதிவாளர். “அப்புறம் டீ குடிக்கப் போனேன். கதவைப் பூட்டலை.”

“முதலாளி?”

“என் ரூம்ல. விளம்பரக் கம்பெனியோட போன்ல. அந்த ரூம் காலியானா அவங்களுக்குக் குடுக்கலாம்னு பேசிட்டிருந்தேன்.”

“அப்போ தொடர் நின்னா உங்களுக்கு லாபம்.”

“அதுக்காகத் திருடுவேனா? என் டிஸ்கை நானே திருடுவேனா?”

“நீ?”

“பஸ்ல,” என்றாள் வசனக்காரி. “பத்தரைக்குச் சிட்டுவுக்குப் போன் போட்டேன், அவ அம்மா எப்படியிருக்காங்கன்னு கேட்க. ஸ்விட்ச் ஆஃப்.”

சிட்டு, தொடரில் அந்தச் சின்னப் பெண்ணுக்குக் குரல் கொடுப்பவள். பேய்க்குக் குரல் கொடுத்த அக்காவின் மகள். காலையில் அவள் வந்துவிட்டுப் போனதாக முதலாளி சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா போட்டுப் பார்த்தபோதும் போன் ஆஃபிலேயே இருந்தது. ஏட்டு நேரில் போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று.

மாலை மூன்று. சிட்டு தலையைச் சுற்றிச் சால்வை போர்த்தியபடி, கைப்பையை விலாவோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“காலையில எதுக்கு வந்தே?”

“அம்மாவோட சால்வை இந்த பெஞ்ச்ல இருந்தது. எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“அறைக்குள்ள?”

“போகலை மேடம்.”

“போன் ஏன் ஆஃப்?”

“நேத்து ராத்திரியே சார்ஜ் தீர்ந்துடுச்சு.”

வசனக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். இவளைப் போய் ஏன் குடைகிறார்கள், பாவம், ஏற்கெனவே நொந்து கிடக்கிறவள். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். தன் இரண்டு வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர். அழக்கூடத் தெம்பில்லை.

“போனைக் குடு,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. பொத்தானை அழுத்தினார். திரை பளிச்சென்று விழித்தது. “முக்கால்வாசி சார்ஜ் இருக்கே. இப்ப சால்வையை இறக்கு.”

சிட்டு அசையவில்லை. அவரே மெதுவாக விலக்கினார். ஒரு காதில் பச்சைக்கல் தொங்கட்டான், மற்றது மூளி.

“வெளியாள் திருட வந்தா போனை சைலண்ட்ல போடுவான், ஓடுவான். முதலாளிக்குச் சத்தத்தைப் பத்திக் கவலையே இல்லை. அப்பவும் போன்ல கத்திட்டிருந்தார். மைக் ஆஃப்ல இருக்கு, ரெக்கார்டிங் இல்லை. அப்பவும் போனை அணைச்சு, காதுல இருக்கறதைக் கழட்டிக் கூடையில போட்டுட்டுத் திருடப் போற ஆள், இந்த மைக் முன்னாடியே வளர்ந்தவளாத்தான் இருக்கணும். திரும்பி வரும்போது பதட்டத்துல ஒண்ணை மாட்டினே, இன்னொண்ணை விட்டுட்டே. போனை ஆன் பண்ணவும் மறந்துட்டே.” அவர் கூடையிலிருந்து தொங்கட்டானை எடுத்து நீட்டினார். “டிஸ்க் அந்தப் பையிலதானே இருக்கு?”

சிட்டு பையைத் திறந்து டிஸ்கை வசனக்காரியின் கையில் வைத்தாள்.

“ஏன்டி? என்கிட்டயா இப்படிப் பண்ணினே?”

“மிக்சிங்ல அம்மா குரல் மேல எதிரொலி, கரகரப்பு எல்லாம் ஏத்திடுவீங்க. அப்புறம் இதை அழிச்சுட்டு அடுத்த படத்துக்கு எடுத்துப்பீங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அம்மா பேசினது வேற எங்கயுமே இல்லைக்கா. வீட்ல யாராவது பேசறதைப் பதிவு பண்ணி வெப்பாங்களா? காப்பி கேட்டேன், முதலாளி சேனல் ஒப்பந்தம் விடாதுன்னுட்டார். வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டேன், திறக்கவே மாட்டேங்குது. திருப்பி வெச்சுடலாம்னு கிளம்பினேன், ஏட்டு வாசல்ல நிக்கறார்.”

“நீ அம்மா பேசினதைக் கேட்கவே இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

“ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தான் பேசுவோம், மேடம். என் வசனம் அம்மாவுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு.”

வசனக்காரி டிஸ்கை ஒலிப்பதிவாளரிடம் கொடுத்தாள். ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு வலியோடு, அவசரமே இல்லாமல், அந்த அக்காவின் குரல்:

“கதவைச் சாத்திக்கோ கண்ணு. அம்மா வெளியதான் இருக்கேன்.”

சிட்டு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி தன் போனை எடுத்துத் தானாகவே அணைத்தார்.

“அதனாலதான் வாசலை விட்டுப் போகாம நின்னுதா,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா, மூக்கை உறிஞ்சியபடி. “அம்மாவா அது? நான் பேய்னுல்ல நெனச்சேன். சரி, புகார் எழுதறதா, வேண்டாமா?”

“என்ன புகார், மேடம்? பொருள் பதிவு அறைக்குப் பக்கத்துலயே இருந்தது, எங்களுக்குத்தான் கண் தெரியலை.” வசனக்காரி ஒலிப்பதிவாளரிடம் திரும்பினாள். “எதிரொலி, கரகரப்பு ஒண்ணும் வேண்டாம். இந்தக் குரல் இப்படியேதான் போகணும். டிவியில வரும்போது இவ பதிவு பண்ணிக்கட்டும். அதை எந்த ஒப்பந்தம் தடுக்கும்னு பார்க்கறேன்.”

“அக்கா,” என்றாள் சிட்டு. “அம்மா பேசினதுக்குப் பதில் சொல்ற வசனம் என்னுது. அன்னைக்கு வெறும் காகிதத்தைப் பார்த்துப் பேசினேன். ஒரே ஒரு தடவை திரும்பப் பேசட்டுமா?”

நாலு மணியைத் தாண்டியிருந்தது. மிக்சிங்குக்கே நேரம் போதாது. வசனக்காரி கதவைத் திறந்துவிட்டாள்.

சிட்டு காதில் மிச்சமிருந்த தொங்கட்டானையும் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் காதுக்குள் அம்மா பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மைக் பக்கம் குனிந்தாள்.

“சரிம்மா. சாத்திக்கறேன். நீ போய்ப் படு.”

வசனத்தில் கடைசி மூன்று வார்த்தை கிடையாது. வசனக்காரி அதை வெட்டவில்லை.